டிரைவர் ஏற்றும்வரை

டிஸ்க் எதுவும் இல்லை என்கிறது. மூன்று டிஸ்க் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கிறது, முன்பக்கம் மூன்று பச்சை விளக்கு எரிகிறது, காதை வைத்தால் கிர்ரென்ற சத்தம்கூடக் கேட்கிறது, ஆனால் இந்த இன்ஸ்டாலேஷன் திரை மட்டும் வெள்ளையாக ஒரு பெட்டியைக் காட்டி, எதையும் காணோம், டிரைவர் இருந்தால் கொடு என்கிறது. நியாயம்தான், அதைக் குற்றம் சொல்லக்கூடாது. டிஸ்குகளுக்கும் கணினிக்கும் நடுவே கன்ட்ரோலர் என்று ஒரு அட்டை உட்கார்ந்திருக்கிறது, அதனோடு எப்படிப் பேசுவது என்று சொல்லிக்கொடுக்கும் சின்ன நிரல்தான் டிரைவர், அதை முதலில் பென் டிரைவில் போட்டு ஊட்டினால்தான் புது ஓஎஸ் டிஸ்குகளைப் பார்க்கும். பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. எந்த சர்வருக்குப் போனாலும் முந்தின நாளே வீட்டில் அந்த டிரைவரைத் தேடி இறக்கி, பிரித்து, பென் டிரைவில் ஏற்றி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்புவேன். இன்று கொண்டுவரவில்லை. மறந்துட்டேன்க்கா, இங்கேயே போன்ல நெட் போட்டு எறக்கிக்கிறேன், கொஞ்சம் லேட்டாவும் என்று ரிசப்ஷன் சகாயமேரி அக்காவிடம் சொன்னேன். மறக்கவில்லை. நேற்று முழுக்க அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இறக்கு என்ற பொத்தானைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டேன். டிரைவர் இல்லாதவரை இந்த மூன்று டிஸ்கையும் யாராலும் அழிக்க முடியாது, நானே நினைத்தாலும் முடியாது. இப்போது இறங்கிக்கொண்டிருக்கிறது. நாற்பத்தோரு சதவீதம். தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் வீடியோ பார்க்கிறார்கள் போல, நெட் நொண்டுகிறது, நொண்டட்டும்.

இந்த ஸ்கேன் சென்டருக்கு நான்தான் வருடாந்தர ஒப்பந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், அறவாழி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வர் படுத்துவிட்டது, அதை இயக்கும் ஓஎஸ் கெட்டுவிட்டது, திரும்பப் போட வேண்டும். டாக்டரம்மா போனில் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார்கள், அவர்களுக்கு எதிலும் குழப்பம் கிடையாது. கடைசி மூணு வருஷ ஸ்கேன் தனியா பேக்கப்ல இருக்கு அறவாழி, அதுக்கு முந்துனது ஆறு வருஷத்துது அப்படியே கெடக்காம், வேணாம், மொத்தமாத் தொடச்சிட்டுப் புதுசாப் போட்டுடுங்க. நான் சரி மேடம் என்றேன். போனை வைத்தபிறகுதான் ஆறு வருஷம் என்பது காதில் ஏறியது. மூன்று வருடம் ஆனால் மென்பொருள் தானாகக் கழித்துவிடும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், கழிக்கவே இல்லையாம், யாரோ அந்த டிக்கைப் போடாமல் விட்டிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ, நான்தான். அப்படியானால் ஐந்து வருடத்துக்கு முந்தைய ஆவணி மாதத்து அந்தப் புதன்கிழமையும் இதற்குள் இருக்கிறது. என் மனைவி மங்கைக்கு ஐந்தாம் மாத ஸ்கேன் இங்கேதான் எடுத்தோம். வேலை பார்க்கிற இடம் என்று எங்களை வரிசையில்கூட உட்காரவைக்கவில்லை. அவள் பக்கத்து அறையில் கட்டிலில் படுத்திருக்க, அதே அறை மேஜைக்கடியில் நான் தவழ்ந்துகொண்டிருந்தேன், பிரிண்டருக்குப் போகும் வயர் அறுந்திருந்தது, வந்ததுதான் வந்தோம் பார்த்துவிடுவோமே என்று. அறவாழி, இங்க பாருங்க, ஹார்ட் என்றார்கள் டாக்டரம்மா. தலையை வெளியே நீட்டினேன். மானிட்டரில் ஏதோ மினுக்கிக்கொண்டிருந்தது. நல்லாருக்கு மேடம் என்று சொல்லிவிட்டுத் திரும்ப மேஜைக்கடியில் போய்விட்டேன். நல்லாருக்கு மேடமாம். கல்யாண வீட்டில் சாம்பாருக்குச் சொல்வதுபோல. பதினோரு வினாடி பதிவு பண்ணியிருக்கேன் என்றார்கள், அது மட்டும் நினைவிருக்கிறது, ஏனென்றால் பதினோரு வினாடிக்கு எத்தனை எம்பி ஆகும் என்று நான் உடனே கணக்குப் போட்டேன்.

அறுபத்திரண்டு. இந்த அறை முன்பு எக்ஸ்ரே ஃபிலிம் கழுவும் இருட்டறையாக இருந்தது, ஏசி போட்டுப் பத்து வருடமாகியும் அந்த மருந்து நெடி சுவரைவிட்டுப் போகவில்லை, குளிரில் அது இன்னும் மூக்கில் ஏறுகிறது. சகாயமேரி அக்கா கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு டீயோடு வந்தார்கள். எனக்காகத்தான் பூசை முடித்த கையோடு வந்து திறந்திருக்கிறார்கள், பட்டுச்சேலைகூட மாற்றவில்லை. என்னா தம்பி, எவ்ளோ நேரமாவும்? ஒண்ணும் அவசரமில்ல, ஒரு மணிக்குள்ள வுட்டீங்கன்னா போயி கறிய அடுப்புல ஏத்திடுவேன், அவ்ளோதான். ஆயிடும்க்கா. டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார்கள், எனக்குத் தெரிந்துவிட்டது, கேட்கப்போகிறார்கள். வூட்டுல எப்புடி இருக்காங்க தம்பி? பாத்து ரொம்ப நாளாச்சி, சின்னப் புள்ள மாரி ரிசப்ஷன்ல ஒக்காந்து முறுக்கு தின்னுச்சே, இன்னம் கண்ணுலயே நிக்கிது. நல்லா இருக்காக்கா. மறுபடி ஒண்ணும்...? இல்லக்கா. ஆண்டவர் குடுப்பாரு தம்பி. ம். விவாகரத்து ஆகி இரண்டு வருடமாகிறது என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. சொன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். ஏன் தம்பி என்பார்கள். ஏன் என்பதற்கு நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும், அந்த வாக்கியம் என்னிடம் இருக்கிறது, அது நான் சொன்னதுதான், அதை இரண்டாவது முறை வாய்விட்டுச் சொல்ல என்னால் முடியாது. டீயில் சர்க்கரை அதிகம். குடித்தேன்.

பாப்பா ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். பத்தொன்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். வீட்டுக்கு வந்ததும் பேர் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள் பெரியவர்கள், அதனால் பேரில்லை, பெட்டியில் மங்கையர்க்கரசி பேபி என்று எழுதியிருந்தது, அவ்வளவுதான். உள்ளே தாயை மட்டும்தான் விடுவார்கள். ஒரு நல்ல நர்ஸ் கண்டும் காணாமல் இருந்ததால் மங்கை போனை முந்தானையில் மறைத்துக் கொண்டுபோய் நூற்று நாற்பத்து மூன்று படமும் இருபத்திரண்டு வீடியோவும் எடுத்திருந்தாள். நான் பாப்பாவைப் பார்த்ததெல்லாம் அதில்தான், கடைசி நாளைத் தவிர. ஒரு வருடம் கழித்து, இந்தப் போனைக் கையில எடுக்கவே என்னால முடியலங்க, எல்லாத்தையும் பத்தரமா எங்கயாவது வச்சிட்டு இத எடுத்துட்டுப் போயிடுங்க என்றாள். பத்திரமாக வைப்பதுதானே என் தொழில். வீட்டுக் கணினியில் ஒரு டிஸ்கில் ஏற்றினேன், போனைத் துடைத்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்தேன், ஒரு பிரதி போதாது என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவன் இல்லையா, இரண்டாவது பிரதி எடுப்பதற்காகவே அதே கம்பெனி, அதே அளவில் புதிதாக ஒரு டிஸ்க் வாங்கி வந்தேன். இரண்டும் அச்சாக ஒன்றுபோல இருந்தன. மாறிடப்போவுதுங்க என்று மங்கைதான் வெள்ளைத்தாளைக் கிழித்துப் பசை தடவினாள். நான் புதியதை முதலில் நீட்டினேன். ஒன்று, புதுசு என்று எழுதி ஒட்டினாள். அடுத்ததை நீட்டினேன். இரண்டு, பாப்பா என்று எழுதி ஒட்டினாள். பாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூ வேறு. நான் இரண்டையும் மாட்டினேன், கன்ட்ரோலர் திரையைத் திறந்தேன். புது டிஸ்கை முழுக்க ஒருமுறை துடைத்துச் சோதித்துவிட்டுத்தான் உபயோகிக்க வேண்டும் என்பது என் கொள்கை, வெங்காயக் கொள்கை. திரையில் இரண்டு டிஸ்க் இருந்தது, டிஸ்க் சைபர், டிஸ்க் ஒன்று. எங்கள் தொழிலில் எதையும் சைபரிலிருந்துதான் எண்ணுவோம், எந்த டிஸ்கை மாட்டினாலும் நானே சைபரிலிருந்து எண் எழுதி ஒட்டிவிடுவேன், அதனால் சீட்டில் இருக்கும் எண்ணும் திரையில் இருக்கும் எண்ணும் எனக்கு எப்போதும் ஒன்றுதான். புதுசு எது? ஒன்று. அந்தச் சீட்டு கண்ணுக்குள் நின்றது. ஒன்றை அழுத்தினேன்.

முழுதாகத் துடைக்க நான்கு மணி நேரமாகும். ஓடட்டும் என்று விட்டுவிட்டு இருவரும் வெளியே போனோம், புது ஆற்றுப் பாலம் தாண்டி ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். அன்றுதான் மங்கை ஒரு வருடத்துக்கப்புறம் ஒரு தோசையை முழுசாகச் சாப்பிட்டாள். இன்னொண்ணு சொல்லவா என்றேன். சொல்லுங்க, நெய் போடச் சொல்லுங்க என்றாள். இதை நினைக்கும்போதெல்லாம் இங்கேயே நிறுத்திவிடப் பார்ப்பேன், இந்த நெய் தோசையோடு, வீட்டுக்குப் போகாமல், வெயிலில் இன்னும் ஒரு சுற்று சுற்றிவிட்டு. நிற்காது. வீட்டுக்குப் போனோம். டிஸ்கைத் திறந்தேன், காலி. இன்னொன்றைத் திறந்தேன், அதுவும் காலி. அவள் இரண்டு என்று எழுதியதுதான் திரையில் ஒன்று. அவள் அம்மாவும் தம்பியும் மன்னார்குடியிலிருந்து வந்திருந்தார்கள், கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் எதிரில், நான் சத்தம் போட்டேன். ஒன்ன யாரு ஒண்ணுலேருந்து எண்ணச் சொன்னது? இத்தன வருஷமா எங்கூட இருக்க, சைபர்லேருந்து எண்ணணும்னு கூடவா தெரியாது? இதுதான் அந்த வாக்கியம்.  அவள் தம்பி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவள் வந்து குனிந்து, டிஸ்கில் ஒட்டியிருந்த பாப்பா சீட்டை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழியாமல் உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் ஒன்றிலிருந்துதான் எண்ணுகிறார்கள். கைக்குழந்தைக்குக்கூட ஒன்று, இரண்டு என்றுதான் சொல்லிக்கொடுப்பார்கள். தப்பு என்னுடையது என்று அந்த நொடியே எனக்குத் தெரியும், அதனால்தான் அவ்வளவு சத்தம்.

இறங்கிவிட்டது. பிரிக்க வேண்டும், பொட்டலமாகவே கொடுத்தால் இன்ஸ்டாலேஷனுக்குப் படிக்கத் தெரியாது. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஏழு அடைவு, ஃபோல்டர்தான், ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கு. வேண்டுமென்றே முந்தைய வருடத்துக்கானதை எடுத்து பென் டிரைவில் போட்டேன். வேண்டுமென்றேவா? கை போனது, நான் விட்டேன். சர்வரில் செருகி, காட்டினேன், பொருத்தமான டிரைவர் இல்லை என்றது. அப்பாடா. எனக்கு நானே நாடகம் போட்டுக்கொள்கிறேன், பார்ப்பதற்கு ஆள்கூட இல்லை. இப்படித்தான் அப்போதும். டிஸ்க் காலியானபிறகு மாதக்கணக்கில், வேலை முடிந்து வந்தால் நேரே அந்த டிஸ்க் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவேன், ரெகவரி மென்பொருள் ஒன்று மாற்றி ஒன்று, சென்னையில் ஒருவர், பெங்களூரில் ஒருவர், எல்லாரும் முழுசாத் தொடச்சிட்டீங்களே சார் என்றார்கள். எடுத்துடுவேன் மங்க, எப்புடியாவது ஒனக்கு எடுத்துக் குடுத்துடுவேன். அவள் வாசற்படியில் வந்து நிற்பாள். சாப்பிட வாங்க. இரு, பத்து நிமிஷம். அவள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள். ஒரு நாள் வந்து என் தோளில் கையை வைத்தாள், அழுத்தமாக, ஏதோ சொல்ல வருகிறாள் என்று தெரிந்தது, நான் திரையில் ஓடிய சதவீதத்தைப் பார்த்துக்கொண்டே, இப்பப் பேசாத, எழுபதத் தாண்டிடுச்சி என்றேன். கை போய்விட்டது. நூறுக்கு வந்தது, பூஜ்யம் கோப்பு மீட்கப்பட்டது என்றது. கோர்ட்டில் இருவருமே சம்மதக் கையெழுத்துதான் போட்டோம், சண்டை இல்லை, யாரும் யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளியே வந்ததும், வண்டியப் பாத்து ஓட்டுங்க என்றாள்.

வெள்ளிக்கிழமையிலிருந்து ஒரே காட்சியை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். பதினோரு வினாடியையும் எடுத்துக்கொண்டு மன்னார்குடி பஸ் ஏறுகிறேன். அவள் கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள், வங்கிக்குப் போவதா வீட்டுக்குப் போவதா, வீட்டுக்குத்தான், சாயங்காலம். அவள் கதவைத் திறக்கிறாள். நான் பென் டிரைவை நீட்டுகிறேன். என்னாங்க இது? பாப்பா. அவ்வளவுதான் நான் சொல்வேன், அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டேன். அவள் வாங்கிக்கொள்கிறாள், அழுகிறாள், உள்ள வாங்க என்கிறாள். அந்த உள்ள வாங்கவில் காட்சி நின்றுவிடும், மறுபடி பஸ் ஏறுவதிலிருந்து. எத்தனையோ முறை ஏறிவிட்டேன். ஆனால் கேட்காமல் எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அது அவள் உடம்புக்குள் எடுத்த படம், அவள் பெயரில் இருக்கும் ரிப்போர்ட். கேட்கிற சாக்கில் குரலைக் கேட்கலாம் என்பதும் உண்டு, மறைப்பானேன். இரண்டு வருடமாகப் பேசவில்லை. மணி பதினொன்றரை. ஞாயிற்றுக்கிழமை இந்நேரம் சமைத்துக்கொண்டிருப்பாள். சரியான டிரைவரை, இந்த முறை சரியானதை, பென் டிரைவில் போட்டேன். செருகவில்லை. கையில் வைத்துக்கொண்டு போன் போட்டேன்.

"சொல்லுங்க."

"மங்க, நான்தான்."

"தெரியிதுங்க. நம்பர் இருக்கு. என்னா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. ஸ்கேன் சென்டர்ல இருக்கேன். சர்வர் போயிடுச்சி, பழைய டேட்டாவெல்லாம் தொடச்சிடச் சொல்லிட்டாங்க. அதுல நம்ம... அந்த அஞ்சாம் மாச ஸ்கேன் இருக்கு. ஹார்ட்டு. பதினோரு செகண்டு."

குக்கர் விசில் அடித்தது. அடுப்பைக் குறைக்கும் சத்தம் கேட்டது.

"அழிச்சிட்டீங்களா?"

"இல்ல, இல்ல. இன்னம் தொடவே இல்ல. ஒன்னுட்ட ஒரு வார்த்த கேக்கலாம்னுதான். ஒனக்கு வேணும்னா எடுத்துடுறேன். நானே மன்னார்குடி வந்து..."

"எனக்கு எதுக்குங்க அது?"

கையிலிருந்த பென் டிரைவின் மூடியைத் திறந்து மூடினேன்.

"நான் அவள மடியில வச்சிருந்தேங்க. தலமுடி, மெல்லிசா இருக்குற நகம், எல்லாம் எனக்குத் தெரியும். ஸ்கேன்ல என்னா தெரியப்போவுது, கறுப்பும் வெள்ளையும். நீங்கதான் சரியாப் பாக்கல."

"மங்க, அன்னக்கி நான் சொன்னது தப்பு. ஒண்ணுலேருந்து எண்ணுனதுக்கு. ஒன் மேல ஒரு தப்பும் இல்ல, எந்தப்பு."

"தெரியும்ங்க. அன்னக்கே தெரியும்."

"பின்ன ஏன் நீ..."

"நீங்க சொல்லுவீங்கன்னு ரெண்டு வருஷம் பாத்தேன். நீங்க டிஸ்கையே பாத்துட்டு இருந்தீங்க. அப்பறம் பாக்கறத வுட்டுட்டேன்." கோபமில்லை, அவள் குரலில் கோபம் இருந்தால் நான் பிழைத்திருப்பேன். "வேணும்னா ஒங்களுக்குன்னு எடுங்க. எனக்குன்னு எடுத்துட்டு வந்து வாசல்ல நிக்காதீங்க. நீட்டுனா நான் வாங்கணும், வாங்குனா எல்லாம் சரியாப்போச்சின்னு ஆயிடும். சரியாப் போவலங்க."

"எடுத்துக்கட்டா அப்ப? ஒன் பேருல இருக்கு, அதான் கேக்குறேன்."

"எடுத்துக்குங்க. அப்பாதான நீங்க."

வைத்துவிட்டாள். அம்மா கூப்பிட்டார்களோ, அடுப்பில் ஏதாவது தீய்ந்ததோ, இல்லை வைக்க வேண்டுமென்று வைத்தாளோ, தெரியவில்லை. அப்பாதான நீங்க. இதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. பத்தொன்பது நாளும் ஆஸ்பத்திரியில் அட்டெண்டர் என்றுதான் கூப்பிட்டார்கள், பெண் குழந்தை அட்டெண்டர் யாருங்க, மருந்து வாங்கிட்டு வாங்க. நான் ஓடி ஓடி வாங்கி வந்தேன். வயர் இழுத்தேன், டிஸ்க் வாங்கினேன், ரெகவரி போட்டேன், உனக்காக, உனக்காக, உனக்காக என்றே எல்லாம் செய்தேன், எனக்கென்று ஒரு பிள்ளை செத்துப்போனது என்பதை ஒரு நாளும் உட்கார்ந்து அழவில்லை. அழுதால் வேலை நின்றுவிடும். மன்னார்குடி பஸ் போய்விட்டது, இனி அது ஓடாது. அந்த உள்ள வாங்கவை இனி எத்தனை தடவை ஓட்டினாலும் அவள் சொல்லமாட்டாள். மூச்சை இழுத்தால் மருந்து நெடி வருகிறது, ஏசியின் கீழே உட்கார்ந்து எனக்கு வேர்க்கிறது. தம்பி, எதுனா ஒடஞ்சிதா, சத்தம் கேட்டுச்சே என்றார்கள் சகாயமேரி அக்கா வெளியிலிருந்து. ஸ்டூலை எட்டி உதைத்திருக்கிறேன் போல. ஒண்ணுமில்லக்கா, ஸ்டூலு சாஞ்சிடுச்சி என்றேன். சரியான டிரைவரோடு பென் டிரைவைச் செருகினேன்.

இன்ஸ்டாலேஷன் நடக்கும்போதே கறுப்பாக ஒரு கட்டளைத் திரையைத் திறக்கலாம், அதில் கையாலேயே டிரைவரை ஏற்றிவிட்டால் எதையும் அழிக்காமல் டிஸ்குக்குள் போய்ப் பார்க்கலாம். தட்டினேன். வெற்றிகரமாக ஏற்றப்பட்டது என்று ஒரு வரி வந்தது. மூன்று டிஸ்கும் வந்தன. வருடம், மாதம், தேதி என்று அடுக்கடுக்காக இறங்கினேன், அந்தப் புதன்கிழமைக்குள் போனேன். இந்தப் பழைய மென்பொருள் ஒவ்வொரு நோயாளிக்கும் அவர்கள் பெயரிலேயே ஒரு அடைவு போடும். அன்று பதினான்கு பேர். ஒன்பதாவது வரி, ஆங்கிலப் பெரிய எழுத்தில், மங்கையர்க்கரசி, அறவாழி மனைவி, வயது இருபத்தேழு. ரிசப்ஷனில் யாரோ கேட்டு அவள் வாயால் சொல்லித் தட்டியது. அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுத்தாகிவிட்டது, கேஸ் புத்தகத்தில், வங்கி நாமினியில், ஆஸ்பத்திரி அட்டையில், எல்லாவற்றிலும் எடுத்தாகிவிட்டது, வாக்காளர் பட்டியலில் அவள் இப்போது அவள் அப்பாவின் மகள். கோர்ட் தாளில் இருவர் பெயரும் இருக்கிறது, ஆனால் அங்கே முதலாம் மனுதாரர், இரண்டாம் மனுதாரர். அடைவுக்குள் ஒரே ஒரு வீடியோ, சைபர் சைபர் சைபர் ஒன்று என்று மட்டும் பெயர். வரியோடு சேர்த்து அடைவையே தூக்கிக்கொள்ளலாம், கட்டளையில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம், கை அந்த வார்த்தையைத் தட்டவும் தட்டிவிட்டது. அப்பாதான நீங்க என்றுதான் சொன்னாள். இன்னும் புருஷன் என்று சொல்லவில்லை. ஒவ்வொரு எழுத்தாக அழித்துவிட்டு, வீடியோவுக்கு மட்டும் தட்டினேன். ஒரு கோப்பு நகலெடுக்கப்பட்டது.

நகல் சரியாக இருக்கிறதா என்று பார்க்காமல் மூலத்தை அழிக்கக்கூடாது. பென் டிரைவைப் பிடுங்கி லேப்டாப்பில் செருகி ஓட்டினேன். சத்தம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு புகை, புகைக்கு நடுவே நகத்தளவு ஒரு இடம் திறந்து மூடித் திறந்து மூடி, என்ன அவசரமோ அவ்வளவு வேகம். பதினோரு வினாடி. மறுபடி ஓட்டினேன். அவள் உயிரோடு இருக்கிறாள், அதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பாப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தேன், குரல் எனக்கே புதிதாக இருந்தது. அப்புறம் கட்டுப்படுத்த முடியவில்லை, கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டு, வெளியே அக்காவுக்குக் கேட்காமல், ஒரு பாடு அழுது தீர்த்தேன். தீரவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு சர்வருக்குத் திரும்பினேன். வெள்ளைப் பெட்டியில் இப்போது டிஸ்குகள் வரிசையாகத் தெரிந்தன. பழைய பகுதியைத் தேர்ந்து, அழி என்றேன். இதில் உள்ள எல்லாம் போய்விடும், நிச்சயமா என்று கேட்டது. இதுவரை அதை ஒரு தடவைகூட முழுசாகப் படித்ததில்லை, இன்று இரண்டு தடவை படித்தேன். பென் டிரைவில் வெறும் எண்தான் இருக்கிறது. மங்கையர்க்கரசி, அறவாழி மனைவி என்று இரண்டு பெயரும் ஒரே வரியில் இருப்பது இனி இந்த உலகத்தில் இங்கே மட்டும்தான். ஆமாம் என்பதை அழுத்தினேன். ஒரு வினாடிகூட ஆகவில்லை.